லில்லி சிரித்தாள்

குளிர் தேசத்துப் பூங்கா ஒன்றில் மஞ்சாடி என்ற மைனா தன் மகளோடு வாழ்ந்துவந்தாள். மஞ்சாடி கடல் தாண்டி வந்தவள். மகள் லில்லி அங்கேயே பிறந்தவள். லில்லிக்குச் சிநேகிதமெல்லாம் உள்ளூர்ப் புறாக்கள்தான். அவர்கள் பேச்சைத்தான் பேசுவாள்.

ஒரு மதியம் மஞ்சாடி பனியில் அலைந்து ஒரு பழத்தைக் கொண்டுவந்தாள். அதைக் கிளையில் வைத்துவிட்டு, "கண்ணு, சாப்பிட வாடி" என்று மைனா பாஷையில் கூப்பிட்டாள்.

"உங்கம்மா என்ன, துருப்பிடிச்ச கதவு மாதிரி கத்துறாங்க?" என்றது கீழே லில்லியோடு இருந்த ஒரு புறா. புறாக்கள் எல்லாம் சிரித்தன. லில்லியும் சிரித்தாள்.

மஞ்சாடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சற்றுக் கழித்து லில்லி மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவங்க சிரிச்சாங்கன்னுதாம்மா நானும் சிரிச்சேன்" என்று புறாப் பேச்சில் சொன்னாள்.

"நான் சொன்னது அவங்களுக்குப் புரியலை, சிரிச்சாங்க. உனக்குப் புரிஞ்சுதே, நீ ஏண்டி சிரிச்சே?"

மஞ்சாடி லில்லியின் கண்ணெதிரிலேயே பழத்தை முழுங்கினாள்.

"பசிக்குதும்மா" என்றாள் லில்லி, மைனா பாஷையில், சத்தமாகவே. கீழே புறாக்கள் மறுபடி சிரித்தன. அவள் குனிந்து பார்க்கவில்லை.

மஞ்சாடிக்குக் கோபம் ஆறவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேதான் இன்னொரு பழம் தேடிப் பறந்தாள்.