வளையம் வாங்கும் கை

பக்கவாதத்துக்குப் பிறகு தணிகாசலம் வலது கையைத் தூக்க முயன்றதே இல்லை. பயிற்சிக்காக மருத்துவமனை அவர் வீட்டுக் கூடத்தில் பழைய இங்கிலாந்து நீராவி ரயிலைப் பயணிகளோடு ஒளியால் அமைத்துக் கொடுத்திருந்தது. அவர் ஓட்டுநர், மனைவி செண்பகவல்லி கரி அள்ளுபவள். ஒற்றை வழிப் பாதையில் நுழைய, எதிரே ரயில் வராது என்பதற்கு அடையாளமாகச் சிக்னல்காரர் நீட்டும் வளையத்தை ஓட்டுநர் வலது கையால் வாங்க வேண்டும். அன்றும் வாங்கவில்லை. ரயில் நின்றுவிட்டது.

"நகருங்க, நானே வாங்கித் தொலைக்கிறேன்."

"நீ கரிய அள்ளு, போதும்."

பின்பெட்டியில் ஒரு குழந்தை வீறிட்டது.

"பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரந்தான் காத்திருப்பாங்க," என்று முனகிய தணிகாசலம், தன்னை அறியாமல் வலது கையை நீட்டினார். வளையம் முழங்கையில் விழுந்தது.

அடுத்த நிலையத்தில் செண்பகவல்லி இறங்கி ஓடி, அந்தக் குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விரல்கள் தொட்டது காற்றைத்தான். நெட்டிச் சத்தம் மட்டும் படபடவென்று கேட்டது.