சோலையம்மாளின் கோடு

கோடு எழவில்லை.

பாண்டியராஜன் கணினித் திரையின் மண்டையில் ஒரு தட்டு தட்டினான். ஆறு வருட ஆராய்ச்சிப் படிப்பில் அவனுக்குக் கைவந்த பழுதுநீக்கும் முறை அது ஒன்றுதான்.

கோடு அதற்கும் எழவில்லை.

பக்கத்து ஸ்டூலில் சோலையம்மாள் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, காலையில் ரத்தம் கொடுத்தவர். ரத்தம் கொடுத்தவர்களை பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். இவர் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு, போகவும் மாட்டேன் என்றுவிட்டார். தன் ரத்தம் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் நோயோடு மல்லுக்கட்டும் செல்கள் இருக்கின்றன. கிருமி வாசம் பட்டதும் அவை கதவைத் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். அதுதான் அவற்றுக்கு 'எழுந்திரு' என்ற உத்தரவு. கால்சியம் நுழைந்ததும் ஆய்வுக்காக உள்ளே ஏற்றிய சாயம் ஒளிரும், திரையில் கோடு எழும்.

பூச்சிமருந்து தெளிப்பவர்களின் செல்களில் அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை என்பது பாண்டியராஜனின் ஆய்வு.

அதை நிரூபிக்க, மருந்தே தொடாதவர்களின் ரத்தமும் வேண்டும். அவர்களுடைய கோடு எழுந்து காட்ட வேண்டும். தொடாதவர் பட்டியலில் சோலையம்மாள் ஏழாவது ஆள். முதல் ஆறு பேரின் கோடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பறை மாதிரி, படுத்தே கிடந்தது.

அவனுக்குச் சாயத்தை ஒழுங்காகக் கலக்கத் தெரியவில்லை என்று பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். ஏழாவதும் படுத்தால் அந்த அத்தியாயம் கிடையாது. அத்தியாயம் இல்லையென்றால் ஆய்வேடு கிடையாது. மாதக் கடைசியோடு அவன் பதிவும் முடிகிறது.

"இதுல நான் எங்கிட்டு இருக்கேன் தம்பி?"

"அந்தா, அடியில பச்சைக்கோடு ஒண்ணு கெடக்குல்லக்கா. அதான் நீங்க."

"படுத்தா கெடக்கேன்?" சோலையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுல ஒருநா படுக்க விட்டாய்ங்களா!"

பாண்டியராஜனிடம் கடைசியாக ஒரு திரவம் இருந்தது. செல்லின் கதவை உடைத்தே திறந்துவிடும் சமாச்சாரம். அதற்கும் கோடு எழாவிட்டால் செல் செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது சாயம் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

ஒரு சொட்டு விட்டான்.

கோடு துள்ளி எழுந்து திரையின் உச்சியைத் தொட்டது.

"ஆத்தீ!" என்று சோலையம்மாள் கைதட்டினார்.

பாண்டியராஜன் கைதட்டவில்லை. சாயம் நன்றாகத்தான் இருக்கிறது. செல்லும் உயிரோடுதான் இருக்கிறது. தானாகத் திறக்க வேண்டிய கதவு மட்டும் திறக்கவில்லை. மருந்தே தொடாத பெண்ணுக்கு அது ஏன்?

படிவத்தை எடுத்துப் பார்த்தான். 'நீங்கள் பூச்சிமருந்து தெளிப்பவரா?' இல்லை. கேள்வி அவன் தயாரித்தது. பதிலை எழுதியவர் அவருடைய கணவர் வெள்ளைத்துரை.

"அக்கா, நெசமாவே நீங்க மருந்து அடிக்கிறதில்லையா?"

"சேச்சே, அது ஆம்பளைக வேலைல்ல. மல்லிப்பூத் தோட்டத்துக்கு அவருதான் அடிப்பாரு. டப்பாவத் தொறக்குறது, மூடியில அளக்குறது, வாளியில கலக்குறது, டேங்குல ஊத்தி அவரு முதுகுல ஏத்தி விடுறது, பெறகு அந்தச் சட்டையத் தொவைக்கிறது... நம்ம வேலை அம்புட்டுத்தேன்."

"கலக்குறது எதாலக்கா?"

"குச்சி கெடந்தா குச்சி. இல்லாட்டி இது எதுக்கு இருக்கு?" என்று வலது கையை நீட்டினார்.

பாண்டியராஜன் பட்டியலைப் பார்த்தான். ஏழு பெண்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே அரிசி என்று தேடித் தேடிச் சேர்த்தவர்கள். ஏழு பேருமே மருந்து தெளிப்பவர்களின் மனைவிமார்.

அவன் சாயத்தில் தப்பில்லை. கேள்வியில்தான் தப்பு. மருந்து தொடாதவர்களை, வயல் பக்கமே போகாத செல்லூர்த் தறிக்காரர்களிடம் தேடிக்கொள்ளலாம், இரண்டு வாரம் போதும். போக இருந்த அத்தியாயம் தங்கிவிட்டது. கூடவே, யாரும் எழுதாத இன்னொரு அத்தியாயமும் வந்திருக்கிறது.

எழுந்து நின்று கும்பிட்டான்.

"நீங்க மட்டும் இன்னிக்கி ஒக்காரலன்னா என் படிப்பே போயிருக்கும்க்கா."

எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது கும்பிட்ட பிறகுதான் உறைத்தது. கையை இறக்கினான். கையுறை போட வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினான்.

சோலையம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவருது எங்க?"

ஒருவர் முடிவை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. பட்ட கடன் விதியைவிடப் பெரிது. போன மாதம் எடுத்த வெள்ளைத்துரையின் கோட்டைத் தேடி, கடைசிச் சொட்டுக்கு முந்தைய சோலையம்மாளின் கோட்டின் மேலே வைத்தான்.

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எது யாருடையது என்று தெரியவில்லை.

சோலையம்மாள் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு தம்பி. அடியில சீலு வச்சு."

அச்சடித்துக் கொடுத்தான். துறையின் சீலில் மை காய்ந்திருந்தது. இரண்டு முறை குத்தினான்.

அவர் அதை மடிக்காமல், கசங்காமல், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீ நல்லாருக்கணும்யா. ஒன்னய மறக்க மாட்டேன்."

"மறக்காம டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா."

"அது பெறகு காட்டிக்கலாம். மொதல்ல அவருகிட்ட காட்டணும். வீட்டுல சும்மாதான் இருக்காளாம் பொண்டாட்டி. இருபத்தேழு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது அந்த மனுசன்."