எதிரே ஆள் இருப்பதாக

பாதி வரியைத் தட்டிவிட்டு சேவியர் எழுந்தார். “எதையும் தொட்டுடாத ஜெசி. பால் வாங்கிட்டு வந்து முடிக்கிறேன்.” தெருமுனையில் லாரி மோதி, அங்கேயே போய்விட்டார்.

அதன்பிறகு ஜெசிந்தா அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. கறுப்புத் திரையில் அந்தப் பாதி வரி அப்படியே நின்றது. இன்று கரண்ட் போய், யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. கணவரோடு வேலை பார்த்த இர்பான் போனில் அவசரப்படுத்தினான்.

“நீங்களே அணைச்சிடுங்க அண்ணி. பேட்டரி தீர்ந்து அதுவா நின்னா டிஸ்க் போயிடும். அண்ணன் போட்டோவெல்லாம் அதுலதானே இருக்கு?”

“அவர் தட்டி வச்சது?”

“அணைச்சா, ஓடிட்டிருக்கிற புரோகிராம் எல்லாத்துக்கும் முதல்ல மரியாதையா ‘முடிச்சுக்கோ’ன்னு சேதி போகும். அந்தக் கறுப்புத் திரை இருக்கே, ஷெல்லு, அது மட்டும் கேக்காது. அண்ணனை மாதிரியே திமிரு.”

“ஏன் கேக்காது?”

“எதிர்ல ஆள் உக்காந்திருக்கார்னு நெனச்சுக்கும். அப்புறம் ‘லைன் அறுந்துபோச்சு’ன்னு இன்னொரு சேதி போகும். அதைக் கேட்டாத்தான் கிளம்பும்.”

“அதுக்கும் கிளம்பலன்னா?”

“அப்ப கேக்காமலே முடிச்சிடும் அண்ணி.”

அவள் அணைத்தாள். பாதி வரி மறைந்தது. ஒவ்வொன்றாக நின்றுவிட்டதாக வரிகள் ஓடி, கடைசியில் ஒன்று மட்டும் நகராமல் நின்றது: ‘சேவியர் முடிக்கக் காத்திருக்கிறது.’ யூபிஎஸ் இப்போது விடாமல் கத்தியது.

“போயிடுச்சா அண்ணி?”

நாற்காலி இன்னும் அவர் உயரத்துக்கே இருந்தது. அவள் பாதங்கள் தரையைத் தொடவில்லை.