அமாவாசை நிலா

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து வீட்டில் தம்பையா எழுவதும் உட்காருவதுமாக இருக்கிறார். மேசையில் நகத்தளவு சார்ஜர் போர்டில் சிவப்பு எரிகிறது. பேட்டரி நிறைந்தால் நீலமாகும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த அந்த பேட்டரியை அடிக்கடி தொட்டுச் சூடு பார்க்கிறார். கடற்காற்று வலுத்தால் கரண்டு போய்விடும். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போக, இந்த பேட்டரியில் எரியும் நெற்றி விளக்கு வேண்டும். பக்கத்து வீட்டு ராணி, அவர் செய்து கொடுத்த இன்னொரு விளக்கோடு வாசலில் நிற்கிறாள். “அண்ணே, காலையில நடுத்தோட்டத்துல அணைஞ்சுபோச்சு. காலடியில பூரான், இம்மாம் நீளம்!” இருப்பது ஒரே போர்டு. நீலத்துக்குக் காத்திராமல் தம்பையா தன் பேட்டரியைக் கழற்றி, அவளுடையதை மாட்டுகிறார். “அரே, அப்போ உங்களுக்கு?” “எனக்கு நிலா இருக்கு, தங்கச்சி.” அடுப்படியிலிருந்து மனைவி ஒச்சம்மா எட்டிப் பார்க்கிறாள். “அமாவாசை நிலாவை எந்த போர்டுல சார்ஜ் போட்டிருக்கீங்க?” ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. வோல்டேஜ் குறைந்து சிவப்பு நடுங்குகிறது. ஒச்சம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்து ஃபேனை நிறுத்துகிறாள், டியூப்லைட்டையும் அணைக்கிறாள். “முருகா, கொஞ்ச நேரம் தாங்குப்பா” என்கிறாள். வியர்த்த மூன்று முகங்களும் அந்தக் கடுகளவு வெளிச்சத்தின் மேல் குனிந்திருக்கின்றன.