மாஸ்டர் சேர்ந்த வகுப்பு

“மைக் ஆஃப்ல இருக்கான்னு நல்லாப் பாத்துக்கங்க. போன வாரம் மாதிரி தும்மி வச்சிராதீங்க!”

சின்னப்பிள்ளை எச்சரித்துவிட்டு, அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனை நேராக்கினாள். அவள் கணவர் சோலையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றார்.

கறம்பக்குடி வட்டாரத்தில் சோலையப்பன் மாஸ்டரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருடக் கல்யாணச் சமையல். இரண்டாயிரம் பேருக்கான சாம்பாருக்கும் கண்மதிப்பிலேயே உப்புப் போடுகிற கை. அப்படிப்பட்டவர் அடுத்த வீட்டு அன்புமொழியின் பெயரில் பதிவு செய்து, கேமராவையும் அணைத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆன்லைன் சமையல் வகுப்பில் சேர்ந்துகொண்டிருந்தார்.

“ஊருக்குள்ள தெரிஞ்சா சிரிப்பா சிரிக்கும்” என்றாள் சின்னப்பிள்ளை.

“தெரிஞ்சாத்தானே? நீ ஜன்னலைச் சாத்து.”

பதினோரு மணிக்குத் திரையில் டீச்சர் வந்தாள். சின்ன வயசு. வெள்ளைக் கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஸ்காலப்டு பொட்டேட்டோ. உருளைக்கிழங்கை மெல்லிசா வெட்டி அடுக்கி, பாலும் ஆடையும் ஊத்தி ஓவன்ல வேக வைக்கிறது. காரம் கெடையாது, மிளகு மட்டும்தான்.”

“மொளகாத்தூள் இல்லாம உருளைக்கிழங்கா?” என்று முணுமுணுத்தாலும், மாஸ்டரின் கத்தி அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. வெட்டிய வில்லைகளைப் பழக்கதோஷத்தில் தண்ணீர்ச் சட்டியில் தள்ளினார்.

“வெட்டின கிழங்கைத் தண்ணியில போட்டுறாதீங்க” என்றாள் டீச்சர். “மேல இருக்கிற மாவு கழுவிக்கிட்டுப் போயிரும். அந்த மாவுதான் பாலைக் கெட்டியாக்கும்.”

சோலையப்பன் கத்தியைக் கீழே வைத்தார். “பாத்தியா புள்ள? முப்பது வருசத்துல எனக்கு இது தோணலியே! என்ன தெளிவாச் சொல்லுது!”

“நான் சொன்னா மட்டும் காதுலயே ஏறாது.”

அவர் சிரித்துக்கொண்டே நாலு கிழங்கைப் புதிதாக எடுத்து வெட்டினார். வெண்ணெயில் மைதாவைப் புரட்டி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினார். வீட்டுப் பசும்பாலில் எடுத்த ஆடையைச் சேர்த்து, பூண்டையும் மிளகையும் தட்டிப் போட்டார்.

“தீ சின்னதா இருக்கட்டும்” என்று டீச்சர் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் மாஸ்டர் குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஓவன் இல்லை. கொல்லையில் மணல் பரப்பிய இரும்புச் சட்டிக்குள், கிழங்கை அடுக்கிப் பால் கலவையை ஊற்றிய தட்டை இறக்கி மூடி, மூடியின் மேல் கொட்டாங்குச்சிக் கங்குகளை அள்ளி வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது, மேல்பக்கம் பொன்னிறமாகப் பூத்திருந்தது. ஓரங்களில் பால் குமிழியிட்டது. ஒரு துண்டை ஊதி ஊதி வாயில் போட்ட சின்னப்பிள்ளை, உடனே இன்னொரு துண்டை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு குரல் உயர்ந்தது. சென்னையிலிருந்து ரகுநாத் என்பவர்.

“மேடம், எனக்குப் பால் திரிஞ்சு தண்ணியா நிக்குது. கிலோ கிழங்கு வேஸ்ட். உங்களுக்கே ஒழுங்காத் தெரியாம எதுக்குக் கிளாஸ் எடுக்கறீங்க? கேட்டரிங் படிச்சுட்டா போதுமா? அனுபவம் வேண்டாமா?”

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சோலையப்பனின் விரல் மைக் பொத்தானை நோக்கிப் போனது.

“ஐயோ, என்னங்க பண்றீங்க?” சின்னப்பிள்ளை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் மெதுவாக அவள் கையை விலக்கினார்.

“சார், ஒரு நிமிசம். நீங்க பால் ஊத்துறப்ப நான் ஒங்க வீடியோவப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்க அடுப்புல தீ சட்டியோட பக்கமெல்லாம் ஏறி நின்னுச்சு. சின்னத் தீயில வைங்கன்னு அந்தப் புள்ள மூணு வாட்டி சொல்லுச்சு. நீங்க கேக்கல.”

“நீங்க யாரு சார்?”

“ஐநூறு கல்யாணத்துக்குச் சமைச்சவன். அனுபவம் கேட்டீங்கல்ல? அந்த அனுபவத்துல சொல்றேன், இந்தப் புள்ள சொல்லிக்குடுத்ததுல ஒரு சொல்லு தப்பில்ல. இது வயசுல இம்புட்டு சுத்தமா எனக்குச் சமைக்க வரல. எங்கிட்டு வேணாலும் வந்து சொல்லுவேன்.”

 ரகுநாத் தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “சாரி மேடம். தீயை நான்தான் கவனிக்கலை” என்றார்.

டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். வகுப்பு முடிந்தது என்று எப்படியோ சொல்லி முடித்தாள். ஒவ்வொருவராக வெளியேற, அன்புமொழி என்று பெயர் எழுதிய கறுப்புக் கட்டம் மட்டும் திரையில் மிஞ்சியது. சோலையப்பன் அசையாமல் நின்றார்.

இலக்கியா டீச்சர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கரண்டி புடிக்கிற படிப்புக்குப் போறேன்னு சொன்னதுக்கு, மூணு வருசமா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்ப எத்தனை வாரமாப்பா என் கிளாஸ்ல இருக்கீங்க?”

சோலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மொத நாள்லருந்து, ஆத்தா.”