உயிர்ச் சட்டை

“நாலு மணிக்குள்ள காப்பாத்திக் குடுத்துடுங்க அக்கா. இல்லன்னா எங்க மாமனார் பொழைக்க மாட்டார்.”

ரெட்டியார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த செல்வாம்பாள், ஜோசப் ஆனந்த் இரு கைகளிலும் ஏந்தி வந்த துணிப்பையை வாங்கிப் பிரித்தாள். உள்ளே ஒரு வெளிர்நீலச் சட்டை. இடது மார்பில் பை இருந்த இடத்தில், இஸ்திரிப்பெட்டி அளவுக்குக் கருகிய ஓட்டை.

மாமனார் ஜூலியன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்தொன்று. தான் இன்னும் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன் வரும். அதற்காக நேற்றே மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

“புதுசா ஒண்ணு தச்சுக் குடுத்தா ஆவாதா தம்பி?”

“ஆவாதுக்கா. அவர்கிட்ட மொத்தமே மூணு சட்ட. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு பூசைக்கு, இது கையெழுத்துக்கு. மொத தடவ போனப்ப இதான் போட்டிருந்தாராம். பேனா ஒழுகி, பையில மை கறை ஆயிடுச்சி. அதுலேருந்து வேற சட்டையில போனதே இல்ல. புதுச் சட்ட போட்டுக்கினு போன கூட்டாளிங்க மூணு பேரு அந்தந்த வருஷமே போய்ச் சேந்துட்டாங்களாம்.”

“சரி, நீ ஏன் இஸ்திரி போடப் போன?”

ஜோசப் ஆனந்த் காலிப் பையை எடுத்து மடித்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மாமனார் அவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. நாளைக் காலையில் கையெழுத்து என்றதும், இன்று மொடமொடவென்று தேய்த்து வைத்து நல்ல பெயர் வாங்கிவிட நினைத்தார். நடுவில் போன் வந்துவிட்டது.

வேலைக்குப் போயிருந்த மனைவி மெரினிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, கத்தப் போகிறாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தார். அவளோ, “செல்வாம்பாக்காகிட்ட போங்க. வேற எங்கயும் போய் நிக்காதீங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மாமனார் இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு எழுந்ததும் சட்டையைப் போட்டுப் பார்ப்பார்.

செல்வாம்பாள் மூலையில் கிடந்த மூட்டையை அவிழ்த்தாள். எல்லாம் சண்டே மார்க்கெட்டில் வாங்கி வந்த பழைய சட்டைகள். அதிலிருந்து அதே வெளிர்நீலத்தில் ஒன்றை உருவினாள். இரண்டு பேர் சேர்ந்து புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இந்த நீலம் கண்ணுல பட்டா எடுத்துப் போட்டு வெச்சுடுவேன்.”

கருகிய சட்டையை அதன்மேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினாள். தோளைக் குறைத்தாள். பக்கவாட்டில் பிடித்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து இதில் மாற்றினாள். பழைய நூலின் நிறம் பொருந்தவில்லை என்று ஒரு காஜாவைப் பிரித்து மறுபடி போட்டாள்.

“மை கறை பையோட கீழ்மூலையிலதான? நண்டு மாதிரி, ஒரு கால் மட்டும் நீட்டமா?”

“அதேதான்கா” என்றார் ஜோசப் ஆனந்த். தொழில் தெரிந்தவர்களிடம் வந்துவிட்டோம் என்று அவருக்கு முதல்முறையாக நிம்மதி வந்தது.

குச்சியில் மையைத் தொட்டுத் தொட்டு அவள் நண்டை முடித்தபோது மணி மூன்று. காலர்தான் படுத்தியது. பழைய காலர் மடிப்பில் நைந்து, நூல் பிரிந்திருந்தது.

“கல்லுல தேச்சா பொய்யின்னு தெரிஞ்சுடும். மனுசக் கழுத்து பட்டுதான் நையணும். போட்டுக்கினு தலைய ஆட்டு.”

ஜோசப் ஆனந்த் மாட்டிக்கொண்டார். தொப்பைக்கு மேல் ஒரு பொத்தானும் எட்டவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினார்.

பைக்கில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, “விழுப்புரம் ரோட்டுக்கு இப்டிதான போவணும்?” என்று கேட்டார். ஜோசப் ஆனந்த் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி வந்த வழியே போனார்.

“அக்கா, ரோடு இப்டிதான் போவுது.”

“நீ பேசாத தம்பி. காலர் வேலை நடக்குதுல்ல.”

கடைசியில் செல்வாம்பாளே இஸ்திரி போட்டாள். ஜோசப் ஆனந்த் பார்க்கத் தைரியமில்லாமல் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டில் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அவர் கையை எடுக்கவும், கட்டிலில் மாமனார் இருமவும் சரியாக இருந்தது.

ஜூலியன் முகம் கழுவி வந்து சட்டையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலரைத் தடவினார். நண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மூலையில் நின்ற ஜோசப் ஆனந்த் மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி, பாதியில் வரி மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பெரியவர் சட்டையைப் போட்டு, பொத்தான்களை நிதானமாகப் பூட்டினார். பிறகு கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“என்ன மாமா, எதனா...” என்று இழுத்தார் ஜோசப் ஆனந்த்.

ஜூலியன் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு மருமகனின் பக்கத்தில் வந்தார்.

“இந்த நண்டுக்கு இது நாலாவது சட்ட, மாப்ள. அஞ்சாவதயாவது கக்கத்துல கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லுங்க.”