பக்கத்துக்கு அரை அங்குலம்

என் சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையனின் உச்சந்தலையில் இரட்டைச் சுழி.

எனக்கு ரத்தம் கொதித்தது. காலையில்தான் அந்தச் சுழியை என் மகளின் நோட்டில் பார்த்திருந்தேன்.

அவளே வரைந்த மங்கா. அந்த ஜப்பானியப் படக்கதை என்றால் அவளுக்கு உயிர். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவாள். முடிவு தெரியாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது என்று கிண்டல் செய்வேன்.

நோட்டைத் திறந்ததும் இந்த இரட்டைச் சுழிக்காரனும் அவளும் ஒரே குடையில் போகிறார்கள். ஆளுக்கு ஒரு தோள் நனைகிறது. அடுத்து அவன் பேனாவைக் கீழே போட்டு அசடு வழிகிறான். பிறகு ஆளையே காணோம். பக்கம் போகப் போக அவள் முடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அறை இருள்கிறது. கடைசிப் பக்கம் ஒரே கறுப்பு. கன்னாபின்னாவென்று வெட்டிய தலை. பிடரியில், கத்தரிக்கோல் பிடித்த ஒரு கை.

போன வருடம் அந்தக் கோலத்தில்தான் அவளைக் கண்டேன்.

“நானேதான்ப்பா வெட்டிக்கிட்டேன்” என்றாள்.

நான் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

இன்று ஆள் கிடைத்துவிட்டான். தானாக வந்து தலையைக் கொடுத்திருக்கிறான். கத்தியைத் தீட்டிக்கொண்டு, கடைசியாக எப்போது வெட்டினாய் என்று கேட்டேன்.

“ரெண்டு மாசமாச்சு அங்கிள்.” நான் யாருடைய அப்பா என்று அவனுக்கும் தெரியும்.

இரண்டு மாதம், ஒரு அங்குலம். தொட்டாலே சொல்லிவிடுவேன். இருபது வருடத் தொழில்.

கை அப்படியே நின்றது.

நோட்டில் பக்கத்துக்கு அரை அங்குலம் அல்லவா குறைந்தது? வெட்டினால் ஒரே நாளில் போய்விடும். மாதம் அரை அங்குலமாக முடி வளரத்தான் செய்யும்.

கத்தியை வைத்துவிட்டு, காலையில் கையோடு கொண்டுவந்து இழுப்பறையில் போட்டிருந்த நோட்டை எடுத்து, அவள் புரட்டுகிற மாதிரியே பின்னாலிருந்து திறந்தேன். கறுப்புப் பக்கம்தான் தொடக்கம். அங்கே இவன் இல்லவே இல்லை. முடி வளர்கிறது, ஜன்னல் திறக்கிறது, பேனா விழுகிறது, மழை வருகிறது.

மாதக் கணக்கில் மயிரிழை பிசகவில்லை. முடிதிருத்துபவன் மகள் என்றால் சும்மாவா! எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுபடி அந்தக் கையைப் பார்த்தேன். காலையில் கோபத்தில் கத்தரிக்கோலை மட்டும்தான் பார்த்திருந்தேன். சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

என் சுண்டுவிரல்.

அன்று கடையைச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், இதே நாற்காலியில் உட்கார வைத்து அவள் முடியைச் சமமாக்கியது நான்தான்.